ஐதராபாத் தந்த ஆசான்

அமீர்பேட்டில் தங்கிப் படிக்கும் ஒருவனுக்குப் பயிற்சி என்ற சொல்லைப் பிறர் விளக்க வேண்டியதில்லை. மைத்ரிவனத்தின் எதிரே ஐந்து நிமிடம் நின்றால் போதும். சுவர், தூண், மின்கம்பம், மாடிப்படி என்று எங்கு நோக்கினும் கோச்சிங் சென்டர்களின் பலகைகள். ஆறு வாரத்தில் கணிப்பொறி மொழி, மூன்று மாதத்தில் வேலை என்று கையில் துண்டுத்தாளைத் திணிக்கும் பிள்ளைகள். நானும் அப்படி ஒன்றில் பணம் கட்டியவன்தான். இந்த ஊரிலேயே வேறொரு வகைப் பயிற்சியாளர் வாழ்ந்து மறைந்தார் என்பதை வந்து ஒன்றரை ஆண்டு வரை அறியாதிருந்தேன். அறிந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது எனக்குப் பெருமை தரும் கதை அன்று.

சென்ற ஆண்டு நம் மன்றத்தின் கால்பந்துக் குழு ஒன்பது கோல் வாங்கித் தோற்றதை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறக்க நினைத்தாலும் விடுதியில் மறக்க விடுவதில்லை. அந்த ஒன்பதும் என்னைத் தாண்டிச் சென்றவைதாம். கோல் காத்தவன் நான். அன்று மாலை தார்நாகாவில் மெட்ரோ ஏறி, சேறு படிந்த காலணியோடு அமீர்பேட்டில் இறங்கி, வழக்கமாக நிற்கும் இரானி டீக்கடையில் போய் நின்றேன். இனிப் பந்தைத் தொடுவதில்லை என்று அதற்குள் முடிவு செய்திருந்தேன். கடையில் எப்போதும் மூலை மேசையில் உட்கார்ந்திருக்கும் முதியவர் ஒருவர் என் காலணியைப் பார்த்து, பேட்டா என்றழைத்து, எத்தனை கோல் என்று உருதுவில் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ரஹீம் சாகிபின் குழு ஒலிம்பிக்கில் பத்து வாங்கியது என்றார். பிறகு, நீ தமிழன்தானே, தங்கராஜையும் பலராமையும் தெரியாதா என்றார். தெரியாது என்றேன். அப்போதுதான் அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. ஒன்பது கோலுக்கு வராத வெட்கம் எனக்கு அந்தக் கேள்விக்கு வந்தது.

அன்றிரவு தேடத் தொடங்கினேன். கேட்டும் படித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன். அஜய் தேவ்கன் நடித்து 2024-இல் வந்த மைதான் என்ற இந்திப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் சில தெரிந்திருக்கலாம். படம் படமாகவே இருக்கட்டும். நாம் வாழ்க்கையைப் பார்ப்போம்.

சையத் அப்துல் ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அது நிஜாமின் ஆட்சிக் காலம். நாம் இன்று படிக்கும் உஸ்மானியா பல்கலைக்கழகமே தோன்றாத காலம். அது 1918-இல் தோன்றியது; உருது மொழியிலேயே உயர்கல்வி தந்தது. அங்கேதான் ரஹீம் படித்து பி.ஏ. பட்டம் பெற்றார். பல்கலைக்கழகக் குழுவிலும் ஆடினார். பின்னர் கமர் கிளப் என்ற உள்ளூர்க் குழுவில் ஆடினார். நல்ல ஆட்டக்காரர்தாம். ஆனால் ஆட்டக்காரராக மட்டும் இருந்து ஓய்ந்திருந்தால் இன்று நாம் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். ஊருக்கு ஊர் அப்படி நூறு பேர் இருந்திருப்பார்கள்.

அவர் தொழில் ஆசிரியத் தொழில். காச்சிகூடாவிலும் சாதர்காட்டிலும் பள்ளிகளில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு உடற்பயிற்சிக் கல்வியில் பட்டயம் பெற்று, பிள்ளைகளின் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார். இந்தச் செய்தியை நான் இரண்டு முறை படித்தேன். நாட்டின் கால்பந்துக் குழுவை நடத்தியவர் இராணுவத்திலிருந்தோ அரச குடும்பத்திலிருந்தோ வந்திருப்பார் என்றுதான் எண்ணியிருந்தேன். கரும்பலகையின் முன் நின்றவர் அவர். நம் பள்ளிகளில் டிரில் மாஸ்டர் என்றால் மற்ற ஆசிரியர்களுக்கு ஒருபடி கீழ் என்று நினைக்கும் வழக்கம் இன்றும் உண்டல்லவா? பிள்ளைகள் கணக்குப் பாடத்துக்கு அந்த வகுப்பைக் கடன் வாங்கிக்கொள்வதும் உண்டல்லவா? அந்த டிரில் வகுப்பிலிருந்து எழுந்தவர்தான் ரஹீம்.

1943-இல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். இறக்கும் வரை, அதாவது இருபது ஆண்டு, அந்தப் பொறுப்பில் இருந்தார். அந்த ஆண்டுகளில் ஊர்ச் சிறுவர்களுக்காக அவர் நடத்திய போட்டிகள்தாம் என்னை மிகவும் கவர்ந்தவை. ஒரு போட்டியில் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வளைந்து வளைந்து ஓடக் கூடாது. வந்த பந்தை உடனே தோழனுக்குத் தள்ளிவிட வேண்டும். இன்னொரு போட்டியில் பழகாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும். வலக்கால் பழக்கமுள்ளவன் இடக்காலால், இடக்கால் பழக்கமுள்ளவன் வலக்காலால். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். அந்தக் காலத்தில் நம் நாட்டு ஆட்டக்காரனின் பெருமை முழுதும் பந்தைப் பிறருக்குக் கொடுக்காமல் நான்கு பேரை ஏமாற்றிச் செல்வதில் இருந்தது. கூட்டமும் அதற்குத்தான் கை தட்டியது. கூட்டம் கை தட்டும் ஒன்றை வேண்டாம் என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்ப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

1948-இல் ஐதராபாத் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1950-இல் ரஹீம் நகரப் போலீஸ் குழுவின் பயிற்சியாளரானார். அதற்குப் பின் நடந்தது ஒரு புயல்தான். பம்பாயில் நடைபெறும் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டு தொடர்ந்து ஐதராபாத் போலீஸ் வென்றது. கால்பந்தென்றால் கல்கத்தா என்றிருந்த காலம் அது. 1950-ஆம் ஆண்டு டூரண்டு கோப்பை இறுதி ஆட்டத்தில் கல்கத்தாவின் மோகன் பகான் இரண்டு கோல் முன்னே நின்றது. போலீஸ் அந்த இரண்டையும் திருப்பி, மறு ஆட்டத்தில் ஒரு கோலால் கோப்பையைக் கொண்டு வந்தது. நூர் முகமது, அஜீஸுதீன், ஜுல்பிகாருதீன், யூசுப் கான் என்று இந்த ஊர் வரிசையாக வீரர்களை நாட்டுக்குத் தந்தது. அந்தப் பெயர்களை டீக்கடைப் பெரியவர் விரல் விட்டு எண்ணும்போது, நம் வீட்டுப் பாட்டிமார் உறவினர் பெயர்களைச் சொல்வது போலவே இருக்கும்.

இந்தியக் குழுவும் அவர் கைக்கு வந்தது. 1951-இல் புதுடில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இந்தியா இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் பெற்றது. சைலேன் மன்னா தலைவர். கோல் அடித்தவர் மேவாலால். நாடே மகிழ்ந்தது. அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக். யூகோஸ்லாவியாவிடம் 10-1.

இந்த இடத்தில் நான் சற்று நிற்க விரும்புகிறேன். ஒன்பது கோல் வாங்கியவனுக்கு அந்த உரிமை உண்டு. ஓராண்டுக்கு முன் தங்கம் வென்றவர்கள் எப்படி அவ்வளவு வீழ்ந்தார்கள்? நம்மவர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். வங்காளத்து மழைச் சேற்றில் வெறுங்கால் ஒரு வரம். பந்தின் உணர்வு விரலில் இருக்கும். பின்லாந்தின் குளிரில் நனைந்த புல்லில், பூட்ஸ் அணிந்த வலிய உடல்களின் முன் அது வரமாக இல்லை. அதோடு ஐரோப்பியர் இடம் மாறி இடம் மாறி ஆடினார்கள். நம்மவர் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பூட்ஸ் அணிவதைக் கட்டாயமாக்கியது.

ரஹீம் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளவில்லை. தோற்கடித்தவர்களிடமே படிக்கத் தொடங்கினார். அந்த ஆண்டுகளில் உலகை வென்ற ஹங்கேரியர் தங்கள் நடு முன்னாட்டக்காரரைப் பின்னுக்கு இழுத்து ஆடிய முறை, பிறகு பிரேசில் உலகறியச் செய்த நான்கு–இரண்டு–நான்கு அமைப்பு, இவற்றையெல்லாம் ஆராய்ந்து நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமாறு அமைத்தார். பள்ளியாசிரியர் அல்லவா! தேர்வில் தோற்ற மாணவனின் விடைத்தாளைப் பார்ப்பது போலத் தம் தோல்வியைப் பார்த்திருக்கிறார் என்று எண்ணிக்கொள்கிறேன்.

நான்கு ஆண்டில் பலன் தெரிந்தது. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என்று வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். அரையிறுதிக்கு வந்த முதல் ஆசிய நாடு இந்தியா. அரையிறுதியில் மீண்டும் அதே யூகோஸ்லாவியா! முதல் கோலை அடித்ததும் நாம்தான். பின்னர் 4-1 என்று தோற்றோம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடம் பெற்றோம். பத்து நான்காகக் குறைந்தது என்று நான் பெரியவரிடம் சொன்னேன். அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. முதல் கோல் யார் அடித்தது என்பதைச் சொல் என்றார்.

இனி நம்மவர்கள் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். செகந்திராபாத் ஆங்கிலேயர் படைமுகாம் அமைத்த ஊர். படையோடும் ரயிலோடும் பிழைப்புத் தேடித் தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே குடியேறின. நாம் நாள்தோறும் மெட்ரோவில் கண்ணை மூடிக்கொண்டு கடக்கும் ஊர்தான். பீட்டர் தங்கராஜ் 1935-இல் ஐதராபாத்தில் பிறந்து, செகந்திராபாத்தின் மார்னிங் ஸ்டார், பிரண்ட்ஸ் யூனியன் என்ற சிறு குழுக்களில் ஆடி வளர்ந்தார். தொடக்கத்தில் அவர் கோல் காப்பவர் அல்லர், முன்னால் நின்று கோல் அடிப்பவர்! 1953-இல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்த பிறகுதான் கம்பங்களுக்கு நடுவே வந்து நின்றார். நெடிய உருவம். ஆசியாவிலேயே சிறந்த கோல் காப்பாளர் என்று பெயர் பெற்றார்.

மற்றவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவில் 1936-இல் ஓர் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அங்கே ஆடிக்கொண்டிருந்த இந்த இளைஞனை ரஹீமின் கண் கண்டது. ஐதராபாத் குழுவின் தேர்வுக்கு வரச் சொன்னார். அம்முகூடாவிலிருந்து நகரத்துக்கு நாள்தோறும் வந்து போகப் பையனிடம் காசு இல்லை. அந்தச் செலவை ரஹீமே ஏற்றார். பையன் சைக்கிள் மிதித்து வந்தான். அதே ஆண்டு, அதாவது 1956-இல், அவன் மெல்போர்னுக்குக் கப்பலோ விமானமோ ஏறும் இந்தியக் குழுவில் இருந்தான். சைக்கிளுக்குக் காசில்லாதவன் ஓராண்டுக்குள் ஒலிம்பிக் வீரன்! நான் இதைப் படித்துவிட்டு வெகுநேரம் தூங்கவில்லை. இன்று மைத்ரிவனத்தில் நுழைவுக் கட்டணம் கட்ட முடியாமல் திரும்பிச் செல்லும் பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் எத்தனை பலராம்கள் இருந்தார்களோ, யார் கண்டார்?

1960-இல் ரோம் ஒலிம்பிக். ஹங்கேரியிடம் 2-1 என்று தோற்றோம். நம் கோல் பலராமுடையது. பிரான்சோடு 1-1 என்று சமன். நம் கோல் தலைவர் பி.கே. பானர்ஜியுடையது. பெருவிடம் 3-1 என்று தோற்றோம். அந்த ஒன்றும் பலராம் அடித்ததே. முதல் சுற்றோடு திரும்பினாலும் ஹங்கேரியும் பிரான்சும் நம்மை எளிதாக எண்ணிவிட முடியவில்லை. ரஹீமின் மகன் எஸ். எஸ். ஹக்கீமும் அந்தக் குழுவில் இருந்தார்.

பிறகு ஜகார்த்தா, 1962.

ரஹீம் அப்போது நோயாளி. நுரையீரலில் புற்றுநோய். விடாமல் சிகரெட் பிடிப்பவர் அவர். இதை மறைப்பதில் பொருளில்லை. மாணவர்களுக்கு மூச்சின் வலிமையைக் கற்பித்தவர் தம் மூச்சைக் காத்துக்கொள்ளவில்லை. அந்த உடலோடு குழுவை அழைத்துக்கொண்டு கடல் கடந்தார். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்துத் தாய்லாந்தை 4-1 என்று வென்றோம்; ஆனால் அந்த ஆட்டத்தில் பின்காவலர் ஜர்னெயில் சிங்கின் தலை உடைந்து தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை அவரில்லாமலே 2-0 என்று வென்றோம்.

இதற்கிடையே ஆட்டத்தோடு தொடர்பில்லாத ஒரு பகை மூண்டது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா போட்டிக்கு அழைக்காததை இந்திய அதிகாரி ஜி. டி. சோந்தி கண்டித்தார். ஜகார்த்தா மக்களின் சினம் இந்தியர் எல்லோர் மீதும் திரும்பியது. செப்டம்பர் 3-ஆம் நாள் இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. மறுநாள் இறுதி ஆட்டம்.

ரஹீம் செய்த ஒரு காரியத்தைக் கேளுங்கள். தலையில் தையலோடு இருந்த ஜர்னெயில் சிங்கை அவர் ஓய்வெடுக்கச் சொல்லவில்லை, பின்காவலிலும் நிறுத்தவில்லை. அரையிறுதியிலேயே அவரை முன்னால் நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். கட்டுப் போட்ட தலையோடு முன்னே நின்ற அந்த வீரர் தெற்கு வியத்நாமுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார்; தலைவர் சுனி கோஸ்வாமி இரண்டு அடித்தார்; 3-2. இது சரியா என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். காயம்பட்ட ஒருவரை அப்படி நிறுத்தலாமா? இன்றைய மருத்துவர் எவரும் ஒப்ப மாட்டார். வென்றதனால் நாம் பாராட்டுகிறோம். அந்தத் தையல் பிரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? பெரியவரிடம் கேட்டேன். ஜர்னெயிலைக் கேட்டிருந்தால் வெளியே உட்கார ஒப்பியிருப்பாரா என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். அது என் கேள்விக்கு விடை ஆகாது. ஆனாலும் அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய இரவு வீரர்களுக்கு உறக்கம் வரவில்லை. ரஹீம் அவர்களிடம் ஒரு பரிசு கேட்டார் என்று வீரர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். நாளை எனக்கு அந்தத் தங்கத்தைத் தாருங்கள் என்பதே அவர் கேட்டது. நோயின் அளவு அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்ததோ இல்லையோ, மெலிந்த முகம் தெரிந்திருக்கும்.

செப்டம்பர் 4. ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் கூடிய அரங்கில் இந்தியாவின் நாட்டுப்பண் ஒலித்தபோது கூச்சலும் இகழ்ச்சியும் எழுந்தன. எதிரே, முதல் ஆட்டத்தில் நம்மை வென்ற அதே தென்கொரியா. கோலில் தங்கராஜ். முன்வரிசையில் பலராம். பதினேழாம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜி ஒரு கோல். இருபதாம் நிமிடத்தில் ஜர்னெயில் சிங், அந்தத் தலைக்காயத்தோடு, மற்றொன்று! அதன் பிறகு ஓர் இலட்சம் குரல்கள் கொரியாவுக்காக முழங்க, நம்மவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கினார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியா ஒன்று திருப்பியது. அவ்வளவுதான். 2-1. அவர் கேட்ட பரிசு கிடைத்தது.

அடுத்த ஆண்டு ஜூன் மாதம் ரஹீம் ஐதராபாத்தில் காலமானார். வயது ஐம்பத்து மூன்று. அதன் பின் ஆசிய விளையாட்டில் ஆடவர் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்குக் கிடைக்கவில்லை. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985-இல்தான் ஏற்பட்டது. அவர் இருந்த காலத்தில் அப்படி ஒன்று இல்லை. பலராமும் நுரையீரல் உறையில் வந்த நோயால் 1963-இலேயே ஆட்டத்தை விட நேர்ந்தது. அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. பின்னர் வங்காளத்திலேயே தங்கி, 2023-இல் அங்கேயே மறைந்தார். தங்கராஜ் 2008-இல் பொகாரோவில் மறைந்தார். இருவரும் பிறந்த ஊருக்கு வெளியேதான் கண் மூடினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்முகூடாவுக்குப் போனேன். பலராமின் வீட்டைத் தேடவில்லை. யாரையும் தொல்லை செய்ய விருப்பமில்லை. அங்கிருந்து நகரம் எவ்வளவு தொலைவு என்பதை உடம்பால் அறிய வேண்டும் என்றே போனேன். நண்பன் ஒருவனிடம் இரவல் வாங்கிய சைக்கிளில் அமீர்பேட்டுக்குத் திரும்பினேன். பேகம்பேட்டை வந்தபோது தொடை இரண்டும் கடுத்துவிட்டன. இதற்குப் பிறகு ஆடவும் வேண்டும் என்றால்!

மறுவாரம் நம் குழுவினரிடம் ஒரு யோசனை சொன்னேன். பயிற்சி ஆட்டத்தில் எல்லோரும் பழகாத காலால் மட்டும் உதைப்பது. முதலில் சிரித்தார்கள். பிறகு ஒத்துக்கொண்டார்கள். அன்றைய ஆட்டத்தைப் பார்த்திருந்தால் நம் துணைவேந்தரே பல்கலைக்கழகக் குழு என்ற பெயரைத் திரும்பப் பெற்றிருப்பார். பந்து எங்கோ, நாங்கள் எங்கோ. நம் மன்றச் செயலாளர் இரண்டு முறை காற்றை உதைத்துக் கீழே விழுந்தார். நான்காவது வாரம் அவரே இடக்காலால் பந்தை ஒழுங்காகத் தோழனுக்குத் தள்ளினார்; தள்ளியவர் அதை நம்பாமல் தம் காலையே குனிந்து பார்த்தார்.

சென்ற மாதம் அதே குழுவோடு மீண்டும் மோதினோம். நான்கு கோல் வாங்கித் தோற்றோம். அன்று மாலை டீக்கடைக்குப் போய் மூலை மேசையில் உட்கார்ந்து பெரியவரிடம் சொன்னேன். அவர் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, முதல் கோல் யார் அடித்தது என்று கேட்டார். நாங்கள்தான் என்றேன். கடைப் பையனைக் கூப்பிட்டு எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவரச் சொன்னார்.